வெள்ளிமலைக் குட்டி டிராக்டரும் அரைச்சுற்று ஆட்டமும்

முதலில் நான் செய்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு பேசலாம்.

கச்சிராயபாளையத்தில் கிணற்றுக்குள் சரிந்து விழுந்த டீசல் எஞ்சினை மூன்று பனங்கட்டையும் ஒரு சங்கிலிக் கப்பியும் வைத்து மேலே தூக்கியவன் நான். தூக்கியதோடு விட்டேனா? துடைத்து, உலர்த்தி, அதே கிணற்றிலிருந்து அதே எஞ்சினால் தண்ணீர் இறைத்துக் காட்டினேன். கரும்பு டிரெய்லர் ஒன்று கொக்கி கழன்று ஊருக்குள் தனியாக ஓடிய பிறகு, கொக்கியோடு கூடவே ஒரு காப்புச் சங்கிலியும் போடவேண்டும் என்று எங்கள் வட்டாரத்தில் ஆரம்பித்து வைத்தவன் நான். இன்றைக்கு ஒவ்வொரு டிரெய்லரிலும் அந்தச் சங்கிலி தொங்குகிறது. யாராவது என்னைக் கேட்டுக்கொண்டா மாட்டினார்கள்? லாரியின் பழைய கியர்பாக்ஸை வைத்து மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் யந்திரம் செய்தேன். ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்த என் பட்டறைக்கு இன்று தளம் போட்ட கூரை. என் அப்பா கரும்பு வெட்டும் கூலி. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பில் பாதி. மிச்சத்தை டிராக்டருக்கு அடியில் மல்லாக்கப் படுத்துத்தான் படித்தேன்.

கள்ளக்குறிச்சி மெக்கானிக் பிள்ளைகள் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். சங்கத்து மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம்.

"இப்ப வர்ற டிராக்டர்ல எல்லாம் பவர் ஸ்டியரிங்குண்ணே. ஒரு வெரல்ல சுத்துது. அந்தக் காலத்துல நீங்க ஸ்டியரிங் வேலைன்னா இன்னா பண்ணுவீங்கன்னு எழுதுங்க" என்றான் ஒருவன்.

"எத்தினி வண்டிய எழுதறது?" என்று கேட்டேன்.

"ஒண்ணு எழுதுங்க போதும். மலர்ல விளம்பரம் ஜாஸ்தி, எடம் கம்மி."

ஒன்றுதான் என்றால் எனக்கு யோசனையே தேவையில்லை. வெள்ளிமலையில் வெள்ளையன் வைத்திருந்த தோட்டத்து டிராக்டர்தான் அந்த ஒன்று.

அதற்கு முன்னால் காதர் பாய் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வேலை கொடுத்தவர். பழைய பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருவார். சாயங்காலம் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்ததால் அல்ல. அவர் கை போகும் இடம் அவருக்குத் தெரியும். எங்களை எல்லாம் "டேய்" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வண்டிகளுக்கு மரியாதை. பழுதாகி ஒரு டிராக்டர் வாசலுக்கு வந்துவிட்டால், "வாங்க, உள்ள வாங்க, நெழல்ல நில்லுங்க" என்பார். ஒருமுறை திருநாவலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அது தனக்குச் சொன்னது என்று நினைத்து, உள்ளே வந்து பாயின் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, "பரவால்லீங்க பாய், வெயிலு ஒண்ணும் ஜாஸ்தி இல்ல" என்றார். பாய் சிரிக்கவில்லை. அவருக்கும் ஒரு டீ சொன்னார்.

ஸ்டியரிங் வேலையில் பாய்க்கு ஒரு முறை உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன் சக்கரம் அசையாமல் சும்மா சுற்றும் தூரம் இருக்கிறதே, அதற்கு எங்கள் பட்டறையில் ஆட்டம் என்று பேர். ஆட்டம் ஜாஸ்தி என்று ஒரு வண்டி வந்தால் உடனே ஸ்பேனரை எடுக்கக் கூடாது. ஒருவன் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்ட வேண்டும். இன்னொருவன் ஸ்டியரிங் தண்டிலிருந்து ஆரம்பித்து சக்கரம் வரைக்கும் ஒவ்வொரு இணைப்பின் மேலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே போக வேண்டும். கண்ணால் பார்க்கக் கூடாது, கையால் பார்க்க வேண்டும். ஓர் இணைப்புக்கு இந்தப் பக்கம் அசைவு இருக்கும், அந்தப் பக்கம் இருக்காது. அசைவு செத்துப்போன இடம் அது.

"ஆட்டம் எங்க சாவுதுன்னு பாருடா. அத வுட்டுட்டு நட்டு போல்ட்ட திருகினு இருக்காத" என்பார் பாய்.

எல்லா ஆட்டத்தையும் எடுத்துவிட்டாலும் திட்டுவார். ஒரு விரற்கடை விட்டுவைக்கச் சொல்வார். அதுகூட இல்லாவிட்டால் திருப்பத்தில் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. பாயிடம் நான் கற்றது இவ்வளவுதான் என்று சொன்னால் பொய். ஆனால் இந்தக் கதைக்கு இது போதும்.

நான் தனியாகப் பட்டறை போட்ட பிறகு, ஒரு நாள் வெள்ளையன் வந்தான். மெலிந்த ஆள், தோளில் துண்டு. வாசலிலேயே நின்றான்.

"மேஸ்திரி, லூசா கீதுங்க."

"எது? வண்டியா, ஸ்டியரிங்கா, ஓட்றவனா?"

"மூணும்தான்னு எங்க வூட்ல சொல்றா."

எனக்கு அவனை அப்போதே பிடித்துவிட்டது. என்ன வண்டி என்று கேட்டேன். அவனுக்குப் பேர் தெரியவில்லை. ஏற்காட்டுப் பக்கம் ஒரு பங்களாத் தோட்டத்தில் புல் வெட்டவும் இலை குப்பை இழுக்கவும் வைத்திருந்த சின்ன டிராக்டராம். பங்களாவை விற்றபோது அதையும் விற்றிருக்கிறார்கள். வெள்ளையனும் அவன் அண்ணன் சடையனும் சேர்ந்து வாங்கி மலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வண்டியைக் கீழே கொண்டுவரச் சொன்னேன்.

"கொண்டாந்தா வழியிலேயே எனக்குக் கருமாதிங்க. நீங்கதான் வரணும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அப்போதெல்லாம் மலைச்சாலையில் பஸ் திணறித் திணறித்தான் ஏறும். வெள்ளிமலையில் இறங்கி, லாரி நிற்கும் சாலையிலிருந்து ஒரு சரிவுப் பாதை வழியாகக் கீழே நடந்தோம். ஒரு பக்கம் மண் மேடு, இன்னொரு பக்கம் ஓடைப் பள்ளம். பாதி வழியில் ஒரு திருப்பம். வெள்ளையன் அங்கே நின்று பள்ளத்தைக் காட்டினான். அவன் வண்டியின் முன் சக்கரம் போன வாரம் அங்கேதான் அந்தரத்தில் தொங்கியதாம். சடையன் ஓடிவந்து டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறான். ஒரு மனிதன் பிடித்து டிராக்டர் நிற்காது. ஏதோ ஒரு வேர் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. ஆனால் சடையன் தான்தான் பிடித்து நிறுத்தியதாக அன்றைக்கும் சொன்னான், கடைசி வரைக்கும் சொன்னான்.

பாதை முடிகிற இடத்தில் வீடு, அதைச் சுற்றி மரவள்ளிக் காடு. பலா மரத்தடியில் வண்டி நின்றது. என் இடுப்பு உயரம்தான். கை வைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன், மணி மாதிரி சத்தம். வழவழவென்று வெட்டிவிட்ட புல்லின் மேல் நடந்து பழகிய வண்டி. அதன் முதுகில் மரவள்ளி மூட்டை ஏற்றி மலைச்சரிவில் இழுக்க வைத்திருக்கிறார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. "வாங்க" என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சடையன் பெரியவன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எதுக்கு மேஸ்திரிக்கு அலச்சல்? வேவாரிகிட்ட சொல்லியாச்சு. கெழங்கு ஏத்த லாரி வருதில்ல, அதுலயே வண்டியும் போவுது. பழைய இரும்புக்குத்தான் ஆவும்."

"லாரி எப்ப வருது?"

"ரெண்டு மூணு நாள்ல. கெழங்கு புடுங்க ஆரம்பிச்சிட்டோம்."

மரவள்ளி மண்ணுக்குள் இருக்கிற வரை பிரச்சினை இல்லை. பிடுங்கிவிட்டால் சீக்கிரம் கறுத்துப்போகும். லாரி வரும்போது கிழங்கு சாலையில் இருக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளிருந்து வெள்ளையன் மனைவி பொன்னாயி தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"மேஸ்திரி, நீங்க நல்லா பாருங்க. இந்த வண்டி வர்றதுக்கு முன்னால இந்தப் பாதையில மூட்டய தலையில தூக்கினவ நானு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ரோட்டுல நின்னு வெல பேசிகினு இருப்பாங்க. நான் ஏறிகினே இருப்பேன். வண்டி போச்சின்னா மறுபடி என் தலதான்."

"உன் புருசன் பள்ளத்துல போனா பரவால்லியா?" என்றான் சடையன்.

"அதுக்குத்தான மாமா மேஸ்திரி வந்திருக்காரு. தம்பியும் இருக்கணும், வண்டியும் இருக்கணும்னு நீங்களும் கேளுங்களேன்."

சடையன் கெட்டவன் இல்லை. தம்பி தொங்கியதைக் கண்ணால் பார்த்தவன், பயந்துவிட்டான்.

வெள்ளையனை உட்கார வைத்து ஸ்டியரிங்கை ஆட்டச் சொன்னேன். இடது பக்கம் அரைச் சுற்று சும்மா போனது. வலது பக்கமும் அரைச் சுற்று. அதற்கப்புறம்தான் சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. கையை வைத்துக்கொண்டு வந்தால், முன் சக்கரத்துக்குப் போகும் கம்பிகளின் மூட்டு ஒவ்வொன்றிலும் மெத்துமெத்தென்று ஏதோ இருந்தது. பிரித்தேன். சைக்கிள் டியூப். இன்னொன்றில் செருப்புத் துண்டு.

"இது இன்னாபா?"

"பேக்கிங்குங்க. லூசாவறப்ப எல்லாம் ஒண்ணு சொருவுவேன்."

"வண்டில இரும்பு கீதா, எல்லாம் செருப்புதானா?"

பொன்னாயி சிரித்துவிட்டாள். "ஒரு ஜோடில ஒத்தச் செருப்ப காணோம்னு நான் நாயத் திட்டிகினு இருந்தேன்" என்றாள்.

என் டப்பாவில் எதெதிலிருந்தோ கழற்றிய மூட்டுகள் கிடந்தன. பொருந்தியதைப் போட்டு இறுக்கினேன். வேறு ஒருவனாக இருந்தால் அத்தோடு பெட்டியை மூடியிருப்பான். மறுபடி ஆட்டச் சொன்னேன். ஆட்டம் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மூட்டில் இல்லை என்றால் வேறு எங்கேயோ சாகிறது.

வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தேன். ஸ்டியரிங் தண்டின் அடி நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அது விசிறி மாதிரி விரிந்த ஒரு பல்தகட்டைக் கடித்துத் திருப்பும். அந்த விசிறிதான் கம்பிகளை இழுக்கிறது. பல் எல்லாம் நன்றாக இருந்தன. இருந்தாலும் விசிறியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "மெதுவா ஆட்டு, இன்னும் மெதுவா" என்றேன். அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. விசிறி திரும்பவில்லை, நகர்ந்தது. சின்னச் சக்கரம் தள்ளத் தள்ள, விசிறி திரும்புவதற்குப் பதில் அப்படியே ஒதுங்கிக் கொடுத்தது. போதுமான அளவு ஒதுங்கிய பிறகுதான் திரும்பியது.

மண்ணையும் கிரீஸையும் சுரண்டினேன். விசிறியைத் தாங்கும் போல்ட், வண்டிச் சட்டத்தின் தகட்டில் ஓர் ஓட்டையில் நிற்கிறது. வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை மாதிரி நீண்டுபோயிருந்தது. புல் வெட்டும் பாரத்துக்குச் செய்த தகடு. மரவள்ளிப் பாரம் அதை இழுத்து இழுத்துத் தேய்த்திருக்கிறது. அதற்கு ஒரு செருப்பும் உதவாது. இந்த இடத்தைக் கண்டுபிடித்தவன் நான். கையால் கண்டுபிடித்தேன். இதை அடிக்கோடு போட்டு அச்சடித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சரிசெய்வது எப்படி? மலையில் வெல்டிங் கிடையாது. சட்டத்தைக் கழற்றிக் கீழே கொண்டுபோகவும் முடியாது. அரத்தை எடுத்து அந்த முட்டையை ராவிப் பெரிய வட்டமாக்கினேன். மணிக்கட்டு விட்டுப்போயிற்று. இனி அந்த வட்டத்துக்குள் உட்காரும்படி கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் ஒரு புஷ், அதாவது போல்ட் நுழைகிற வளையம், கடைய வேண்டும். அதைப் பிடித்துக்கொள்ள மேலும் கீழும் இரண்டு கனத்த தகடு. லேத் இருப்பது கள்ளக்குறிச்சியில், ஓட்டை இருப்பது வெள்ளிமலையில். அளவை எப்படிக் கொண்டுபோவது? அளக்கும் கருவி எதுவும் அன்றைக்கு என்னிடம் இல்லை. கண் மதிப்பில் கடைந்தால் மறுபடி ஆட்டம்தான்.

முற்றத்தில் பிடுங்கிய கிழங்கு குவிந்து கிடந்தது. நல்ல பருமனான ஒன்றை எடுத்தேன். கத்தியால் செதுக்கிச் செதுக்கி, ஓட்டைக்குள் இறுக்கமாக உட்காரும் ஒரு முளை செய்தேன். காய்ந்தால் சுருங்கிவிடுமே! பொன்னாயியிடம் கேட்டு ஒரு கோணித்துண்டை நனைத்துச் சுற்றிக்கொண்டேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

லேத்துக்காரன் துரை என் சேக்காளி. கோணியைப் பிரித்ததும் கடைசலை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"இன்னா கலியா, கெழங்கு கடையவா லேத்துக்கு வந்த? அடுத்த சந்துல சிப்ஸ் கட இருக்குது போ."

"இதுதான்டா அளவு. இதுக்கு மேல ஒரு நூலு ஜாஸ்தியா கட. மேல போயி ராவிக்கிறேன்."

"வேவிச்சிட்டா கடையறதா, பச்சயாவா?"

ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே அருமையாகக் கடைந்தும் கொடுத்தான். பழைய மோட்டார் புஷ்ஷை உருக்கிய கட்டியிலிருந்து கடைந்தது. பொன் மாதிரி மின்னியது.

மறுபடி மலை ஏறினேன். தகடுகளைப் போல்ட் போட்டுக் கவ்வ வைத்தேன். புஷ்ஷைக் கொஞ்சம் ராவி, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினேன். போய் உட்கார்ந்த சத்தம் இருக்கிறதே, அது ஸ்டியரிங் வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். கிரீஸ் வைத்து எல்லாவற்றையும் பூட்டி ஆட்டிப் பார்த்தேன். சரியாக ஒரு விரற்கடை ஆட்டம். அரைச் சுற்று எங்கே, ஒரு விரற்கடை எங்கே! பாய் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அது பெரிய பாராட்டு.

"ஏறி உக்காரு வெள்ளையா" என்றேன்.

ஏறினான். முற்றத்தில் நேராகப் போனான். முதல் வளைவில் சட்டென்று வண்டி மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்தது. பின்னால் எடுத்தான். மறுபடி போனான். இந்த முறை வேலிக்குள் போனது. மூன்றாவது முறை சடையன் குதித்து ஒதுங்கவில்லை என்றால் அவன் காலில் ஏறியிருக்கும்.

வெள்ளையன் இறங்கி என்னை முறைத்தான்.

"கெடுத்துட்டீங்க மேஸ்திரி! நல்லா சொன்ன பேச்ச கேட்டுகினு இருந்த வண்டி. இப்ப சொல்றதுக்கு முன்னாடியே ஓடுது!"

"லூசா இருந்தப்பவாவது பாதையில போச்சு" என்றான் சடையன். "இப்ப காட்டுல போவுது. நான் சொன்னனே, இரும்புக்குத்தான் ஆவும்."

"கொஞ்சமா லூசு பண்ணிக் குடுங்க மேஸ்திரி. பழையபடி வாணாம், பாதி லூசு போதும்" என்று கெஞ்சினான் வெள்ளையன்.

எத்தனையோ பேர் என் கையால் ஆட்டத்தை எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆட்டம் வைத்துக் கொடு என்று கேட்ட ஒரே மனிதன் வெள்ளையன்தான். எனக்கு வந்த கோபத்தில் பெட்டியை மூடிவிட்டேன். அப்புறம் அவன் கைகளைப் பார்த்தேன். ஸ்டியரிங் இல்லாமலேயே நின்றுகொண்டு, திரும்பிய விதத்தைக் காற்றில் சுற்றிச் சுற்றி அண்ணனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். வளைவு வருவதற்கு முன்னாலேயே அவன் கை அரைச் சுற்று சுற்றிவிட்டிருந்தது. இத்தனை வருஷமாக அந்தச் சும்மா சுற்றும் அரைச் சுற்றையும் சேர்த்துத்தான் அவன் வண்டி ஓட்டியிருக்கிறான். வண்டியில் இருந்த ஆட்டத்தை நான் எடுத்துவிட்டேன். அவன் கையில் இருந்த ஆட்டம் அப்படியே இருந்தது. அதற்கு லேத் கிடையாது.

அந்த நேரம் பார்த்து மேலே சாலையில் ஆரன் சத்தம். லாரி வந்துவிட்டது. கிழங்கெல்லாம் முற்றத்தில் குவிந்து கிடக்கிறது. பொன்னாயி சும்மாட்டுத் துணியை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வேலை செய்தது.

"இந்த ஸ்டியரிங்க இதுவரைக்கும் தொடாதவங்க யாரு கீறீங்க?" என்று கேட்டேன்.

சடையன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "எனக்கு வாணாம் சாமி."

"நான் தொட்டதில்ல" என்றாள் பொன்னாயி.

"இவளா?" என்றான் வெள்ளையன். "இவளுக்கு சைக்கிளே தெரியாது மேஸ்திரி!"

"அதான் அவரு கேக்குறாரு. ஒண்ணுந்தெரியாத ஆளுதான் வேணுமாம்" என்று சொல்லிவிட்டு, சும்மாட்டை வெள்ளையன் தோளில் போட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

டிரெய்லரைக் கழற்றிவிட்டு முற்றத்திலேயே முதல் கியரில் சுற்ற வைத்தேன். நான் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். கிளட்ச், பிரேக், அவ்வளவுதான் சொன்னேன். ஸ்டியரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும். எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே திருப்பினாள், வண்டி அங்கே திரும்பியது. அவள் கை எதையும் முன்கூட்டிச் சுற்றவில்லை. பலா மரத்தைச் சுற்றி வந்தாள், கிழங்குக் குவியலைச் சுற்றி வந்தாள். புருஷனைச் சுற்றி வந்தபோது மட்டும் கொஞ்சம் கிட்டே வந்தாள், அது வேண்டுமென்று.

"போதும்மா. மூட்ட ஏத்தலாம்."

பாதி பாரம்தான் ஏற்றினோம். கிளம்பியபோது நான் மண் மேட்டுப் பக்கம் நடந்தேன். வெள்ளையன் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான், வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்குப் போட. சடையன் பள்ளத்துப் பக்கம், விளிம்பிலேயே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடந்தான். வண்டி சாய்ந்தால் பிடிப்பானாம். அந்த அண்ணனை நான் பழைய இரும்புக்காரன் என்று நினைத்ததற்கு அந்த இடத்திலேயே மனதுக்குள் வருத்தப்பட்டேன்.

திருப்பம் வந்தது.

"இப்ப திருப்பு, இப்ப திருப்பு!" என்று கத்தினான் வெள்ளையன்.

"சும்மா இருய்யா. இன்னும் வரல" என்றாள் அவள், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வந்தது. திருப்பினாள். முன் சக்கரம் இரண்டும் மேட்டோரமாக ஒட்டித் திரும்பின. டிரெய்லர் பின்னாலேயே வளைந்து வந்தது. விளிம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சடையன் தாராளமாக நடக்கும் அளவுக்கு இடம் இருந்தது. நான் மூச்சு விட்டேன். எனக்கு நம்பிக்கை இல்லாமல் அல்ல; வேலை என்னுடையது.

சாலையில் லாரி டிரைவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய இரும்பு வியாபாரி சங்கிலியும் மரப்பலகையும் எடுத்துக்கொண்டு லாரியிலிருந்து இறங்கினான்.

"எங்க சரக்கு? இதானா?" என்று டிராக்டரின் முகத்தில் தட்டினான்.

சடையன் அவன் கையை எடுத்துவிட்டான்.

"சரக்கு பின்னால கீது. கெழங்கு. ஏத்திக்க. கைய வண்டி மேல வைக்காத, இப்பதான் வேல முடிஞ்சிருக்குது."

அன்றைக்கு அத்தனை நடையும் பொன்னாயிதான் ஓட்டினாள். வெள்ளையனும் விடவில்லை. அடுத்தடுத்து நான் மலைக்குப் போனபோதெல்லாம் அவனும் பழகிக்கொண்டிருந்தான். அவன் ஓட்டுவான், அவள் மட்கார்டில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் வரல... இன்னும் வரல... இப்ப" என்பாள். "இப்ப" என்றதும் திருப்புவான். கடைசியில் வண்டி ஓட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டியதாகிவிட்டது. அதைப் பார்க்கவே நான் இரண்டு தரம் வேலை இல்லாமல் போயிருக்கிறேன்.

அந்த வண்டி இன்னும் இருக்கிறது. ஓடவும் ஓடுகிறது. சமீபத்தில் போய்ப் பார்த்தேன். ஆயுத பூஜைக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்து எழுத்து எழுதியிருக்கிறார்கள். முன்னால் சாமி பேர். இடது மட்கார்டில் "பொன்னாயி". வலது மட்கார்டில் "சடையன் & வெள்ளையன்". பின்னால், கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து எழுதிய பெயிண்டர் தன் கடை பேரையும் ஊரையும் நீட்டி எழுதி, கீழே ஒரு ரோஜாப்பூவும் வரைந்திருக்கிறான். அவன் செய்தது என்ன? துருவின் மேல் சாயம் பூசினான். அவன் பேர் இருக்கிறது. என் பேரைத் தேடினேன். வண்டியைச் சுற்றி வந்தேன், குனிந்தும் பார்த்தேன். இல்லை.

பேர்தான் இல்லை என்றால் பேச்சிலும் இல்லை. வெள்ளையன் டீக்கடையில், தான் சைக்கிள் டியூப் வைத்துக் காப்பாற்றிய வண்டி என்கிறான். சடையன் பள்ளத்திலிருந்து ஒற்றைக் கையால் தூக்கியதாகச் சொல்கிறான். முன்பு இரண்டு கை, இப்போது ஒன்றாகிவிட்டது. துரை, கிழங்கைப் பார்த்தே அளவைச் சொன்னவன் தான் என்கிறான். லாரி டிரைவர்கூடப் பொன்னாயிக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று சொல்வதாகக் கேள்வி.

பொன்னாயியிடமே கேட்டேன். "ஏம்மா, எம் பேரு எங்க?"

"பெயிண்டருகிட்ட சொன்னேன் மேஸ்திரி. எடம் இல்லன்னுட்டான்."

"ரோஜாப்பூவுக்கு மட்டும் எடம் கீதா?"

அவள் சிரித்தாள். சிரித்தால் ஆயிற்றா?

ஆகவே சங்கத்து மலரிலேயே எழுதி வைக்கிறேன், எல்லோரும் படிக்கட்டும். அந்த வண்டியை ஓட்டியது பொன்னாயி. அதில் எனக்குப் பங்கு வேண்டாம். புஷ் கடைந்தது துரை. அதையும் விட்டுக்கொடுக்கிறேன். வேர் பிடித்ததா சடையன் பிடித்தானா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. ஆனால் ஆட்டம் எங்கே சாகிறது என்று கண்டுபிடித்ததும், அதை எடுத்ததும், அந்தப் பொம்பளையை ஏறி உட்கார வைத்ததும் நான். அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த ரோஜாப்பூவை அழித்துவிட்டு அந்த இடத்தில், வெள்ளை எழுத்தில், "ஸ்டியரிங் வேலை: மேஸ்திரி கலியபெருமாள், கள்ளக்குறிச்சி" என்று எழுத வேண்டும். கடைசி எழுத்து ள். அந்தப் பெயிண்டர் ல் போட்டாலும் போடுவான். எழுதும்போது யாராவது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நானே வந்து நிற்கிறேன்.